இன்னும் ஒரு சுற்று

கோல்ஃப் மைதானத்தின் பின்பக்கம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் அறைக்கு அடுத்தாற்போல, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. பகலெல்லாம் ஆட்டக்காரர்களைச் சுமந்து திரிந்த பேட்டரி வண்டிகள் சாயங்காலம் அங்கேதான் வந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் சுவரில் ஒரு சார்ஜர். உள்ளே காலை வைத்தால் புளித்த ஆசிட் நெடி மூக்கில் ஏறும். அந்தக் கொட்டகைக்கு ராணி, மந்திரி, காவல்காரி எல்லாம் ஒரே ஆள்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்பானர் அக்கா. நேரில் வெறும் அக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் ஸ்பானர் சேரும்.

பெயரில் தப்பில்லை. வண்டியின் சீட்டைத் தூக்கினால் கீழே ஆறு பேட்டரிகள், ஒன்றின் கையை ஒன்று பிடித்த மாதிரி தடித்த கேபிள்களால் கோத்திருக்கும். ஒரு பிடி நழுவினாலும் வண்டி நகராது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சையைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, நட்டுகளை இறுக்குவது, இவைதான் அக்காவின் வேலை. இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வாள். அவள் துடைத்து வைத்த முனையில் முகம் பார்க்கலாம்.

நட்டு இறுக்க கம்பெனி ஒரு தனி ஸ்பானர் கொடுத்திருந்தது. போதுமான அளவு இறுகியதும் அது 'டக்' என்று சத்தம் போடும். சத்தம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அக்கா எடுக்க மாட்டாள். டக் என்று கேட்டதும் அந்த ஸ்பானரை மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய பழைய ஸ்பானரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று கொடுப்பாள். அப்போதுதான் அவளுக்கு மனசு ஆறும். வாரா வாரம், எல்லா வண்டிக்கும், எல்லா நட்டுக்கும் இந்த உபசாரம் உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டியில் நட்டு தளர்ந்து, பொறி பறந்து, கேபிள் கருகிப் புகை கிளம்பிவிட்டது. அன்றைக்கு இருந்த சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "நட்டு இறுக்கத் தெரியாதவங்களை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்று கத்தினார். அக்கா சுலபத்தில் எதையும் மறக்கிற ஜென்மம் இல்லை. அன்றிலிருந்து அவள் கை பட்ட எதுவும் தளர்ந்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். குழாயை அவள் மூடினால் உள்ளே இருக்கிற வாஷர் நசுங்கிப்போய், மூடாத குழாயைவிட அதிகமாக ஒழுகும். சர்க்கரை டப்பாவை அவள் மூடினால் வேறு யாராலும் திறக்க முடியாது. அவள் புருஷன் மாணவர் விடுதி ஒன்றில் சமையல்காரர், பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்குகிற மனிதர். அவரே டப்பாவோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய், "ஒரு டீ குடிக்கணும்னா இந்த வீட்டுல பயில்வானைக் கூப்பிடணும்" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே மறுபடியும் இறுக்கித்தான் மூடுவாள்.

அவளுக்கு ஒரே தங்கை. அக்கா எவ்வளவுக்கு இறுக்கமோ தங்கை அவ்வளவுக்குத் தளர்ச்சி. வாய் ஓயாது, சிரிப்பு ஓயாது. காலையில் நேரத்துக்கு வரமாட்டாள். வந்துவிட்டாலோ, அவள் வண்டியில்தான் ஏறுவேன் என்று வயதான ஆட்டக்காரர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். மைதானத்தில் வண்டி ஓட்டும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அக்காதான். "என் மானத்த வாங்கிடாதடி" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கையின் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் தங்கையின் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் வருவாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. குட்டி என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெண், வாசலிலேயே செருப்பை உதறி எறிந்துவிட்டு, "பெரியம்மா, பசிக்குது, என்ன வெச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைவாள். அந்தச் செருப்பை எடுத்து ஜோடியாக வைப்பதுதான் அக்காவுக்குச் சாயங்காலம்.

தங்கைக்குக் கொடுத்திருந்த வண்டிக்கு ஓட்டுகிறவர்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைத்தால் போகும், நினைத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். குளத்தைத் தாண்டி கிளப் கட்டிடத்துக்கு ஏறுகிற ஏற்றம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அந்த ஏற்றத்தில்தான் கோபம் வரும்.

"அக்கா, ஏத்தத்துல பாதியில மூச்சு விட்டுடுதுக்கா. கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்பவும் ஓடுது" என்று தங்கை முதல் தடவை வந்து சொன்னபோது, அக்கா உடனே சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு பேட்டரியிலும் வைத்தாள். ஆறும் நல்ல பிள்ளைகள் மாதிரி ஒரே எண்ணைக் காட்டின. முனைகள் பளபளவென்று இருந்தன. நட்டை ஆட்டிப் பார்த்தாள், மலை மாதிரி அசையவில்லை. ஆனாலும் இன்னும் ஒரு சுற்று கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்ல. நீ ராத்திரி சார்ஜ் போட்டியா?"

"போட்டேன்க்கா."

"போன மாசமும் போட்டேன்னுதான் சொன்னே."

போன மாதம் தங்கை சார்ஜர் வயரைச் செருக மறந்தது உண்மை. அதற்கு முன்பும் ஒரு தடவை மறந்திருக்கிறாள். தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை தங்கை சிரிக்கவில்லை. கொட்டகையில் மற்ற ஓட்டுநர்களும் நின்றிருந்தார்கள், சாயங்காலம் வண்டிகளை விட வந்தவர்கள். "அக்கா, இங்க நிக்கறப்போ அது நல்லாத்தான் இருக்கும். நீ ஒரு தடவ எங்கூட ஏறி வா. அந்த ஏத்தம் வரைக்கும் வா போதும். பக்கத்துல உக்காந்து நீயே பாரு."

"எனக்கு வேற வேலை இல்லையா? மீட்டர் பொய் சொல்லாதுடி. நீ சொல்லுவே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் சார்ஜர் வயரை எடுத்து, அக்கா பார்க்கும்படி நிதானமாகச் செருகிவிட்டு வெளியே போய்விட்டாள். சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று அக்காவுக்கு அப்போதே சுருக்கென்றது. சுருக்கென்று என்ன பிரயோஜனம், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மிச்சமிருந்த நட்டுகளை இறுக்கப் போய்விட்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. தங்கை வண்டியில் ஒரு வயதான டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஏற்றத்தின் பாதியில் மாப்பிள்ளை நின்று, பின்னால் உருண்டது. தங்கை பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். ஆனால் அந்தக் குலுக்கலில் டாக்டர் மனைவியின் கை கம்பியில் இடித்து மணிக்கட்டு வீங்கிப்போனது. பெரிய காயமில்லை. ஆனாலும் மைதானம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அறையில் தங்கையை நிற்கவைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டிருந்தார்கள். அக்கா மறுபடியும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். மறுபடியும் ஆறும் நல்ல பிள்ளைகள்.

"நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றார் மேனேஜர். "கோளாறு வண்டியிலயா, ஓட்டினவங்க மேலயா?"

தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'சரியாகத் தெரியவில்லை சார், இன்னும் பார்க்க வேண்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையா போயிருக்கும்? ஆனால் வண்டியில் கோளாறு என்றால் அது அக்காவின் நட்டில் கோளாறு, அக்காவின் முனையில் கோளாறு. கேபிள் கருகிய அந்தப் பழைய நாளும், எல்லார் முன்னாலும் வாங்கிய அந்தத் திட்டும் கண் முன்னால் வந்து நின்றன. தங்கைக்காகப் பரிந்து பேசினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்ற வீம்பு வேறு.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

தங்கையை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தபோது குட்டி அங்கே இல்லை. பள்ளிக்கூட வாசலிலேயே அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று புருஷன் சொன்னார்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்" என்றார் அவர்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? இருக்கறதத்தானே சொன்னேன்?"

"இருக்கறதத்தான் சொன்னே. நான் இல்லேன்னு சொல்லலயே. சும்மா போய்ப் பாத்துட்டு வான்னுதான் சொல்றேன்."

அக்கா போகவில்லை. அவளே வரட்டும் என்று இருந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டு, புருஷனின் லாரி ஷெட் இருக்கும் ஊருக்கே போய்விட்டாள். அங்கே ஒரு சலவைக்கூடத்தில், ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை என்று யார் மூலமாகவோ காதில் விழுந்தது. குட்டிக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டார்களாம்.

மாப்பிள்ளையை மேனேஜர் ஏற்றத்துக்கு அனுப்பவே இல்லை. கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விடுவதற்கு வைத்துக்கொண்டார். அது உள்ளங்கை மாதிரி சமதரை. அங்கே மாப்பிள்ளை ஒரு நாள்கூட நிற்காமல் சமர்த்தாக ஓடியது. "பாத்தீங்களா, ஆள் மாறினதும் வண்டி சரியாயிடுச்சு" என்று அக்கா கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னோம் என்று பின்னால் நினைத்து நினைத்துக் குமையப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. சாயங்காலங்களில் வாசலில் செருப்பு ஒழுங்காகவே இருந்தது. கலைக்க ஆளில்லை.

குட்டியின் பிறந்தநாளன்று போன் செய்தாள். தங்கை எடுத்து, நல்லா இருக்கோம், நீ எப்படி இருக்கே, மாமா எப்படி இருக்காரு என்று மரியாதையாக நாலு வார்த்தை பேசினாள். குட்டி தூங்குகிறாள் என்றாள். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. அக்கா மேலே கேட்கவில்லை.

வருஷம் திரும்பிவிட்டது. மைதானத்தில் ஒரு பெரிய போட்டி. வண்டி போதவில்லை, ஓட்ட ஆளும் போதவில்லை. குளத்தங்கரையில் குடிதண்ணீர் கேன்கள் மிஞ்சிக் கிடந்தன, கிளப் கட்டிடத்தில் தண்ணீர் இல்லை. "அக்கா, நீங்களே கொஞ்சம் கொண்டுபோய் விட்டுடுங்க" என்று மேனேஜர் ஓடிக்கொண்டே சொன்னார். கைக்குக் கிடைத்தது மாப்பிள்ளைதான். புல்வெட்டுகிற பெரியவர் கேன்களை ஏற்றி அடுக்கிவிட்டுப் பின்னால் தொற்றிக்கொண்டார்.

ஏற்றத்தில் பாதி தூரம் வண்டி நன்றாகத்தான் ஏறியது. அப்புறம் யாரோ தொண்டையை நெரித்த மாதிரி சத்தம் கம்மி, நின்றது. அக்கா பெடலை அமுக்கினாள். ஒன்றுமில்லை. வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. கேன்கள் ஒன்றோடொன்று மோதின, பெரியவர், "அம்மா, பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினார். அக்கா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். தங்கை உட்கார்ந்த சீட். அவள் மிதித்த பிரேக். 'பாதியில மூச்சு விட்டுடுதுக்கா' என்று அவள் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடந்திருந்தது.

பெரியவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அக்கா சீட்டைத் தூக்கினாள். இதுவரைக்கும் கொட்டகையில், நின்று ஆறிப்போன வண்டியைத்தான் பார்த்திருக்கிறாள். ஏறிக் களைத்த வண்டியைப் பார்த்ததில்லை. முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது பேட்டரியின் முனை விரலைச் சுட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு, எப்போதும் கூடவே வைத்திருக்கும் கருவிப் பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

"தாத்தா, ஏறி உக்காந்து பெடலை லேசா அமுக்குங்க. நான் சொன்னதும் விட்டுடுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா."

"வண்டி போகாது தாத்தா. கல்லு இருக்கு. அமுக்குங்க போதும்."

அவர் அமுக்கினார். மற்ற பேட்டரிகளில் எண் கொஞ்சம் இறங்கி நின்றுகொண்டது. நாலாவதில் எண் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்தது. பெரியவர் காலை எடுத்ததும், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மறுபடியும் மேலே வந்து பழைய எண்ணைக் காட்டியது. அக்கா இன்னொரு தடவை அமுக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் விழுந்தது.

கேபிளில் குறையா என்று பார்க்க நட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினாள். நட்டு கழலவில்லை. நட்டோடு சேர்ந்து முனையே திரும்பியது. ஈய முனை. ஈயம் மெத்தென்ற உலோகம், அளவுக்கு மேல் இறுக்கினால் தாங்காது. மேலே முகம் பார்க்கலாம் போலப் பளபளக்க, உள்ளே தகட்டோடு சேருகிற இடத்தில் விண்டுபோய், சும்மா ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. சமதரையில் கொஞ்சம் மின்சாரம் போதும், அந்த ஒட்டு தாங்கியது. ஏற்றத்தில் வண்டி முழு பலம் கேட்டபோது கைவிட்டுவிட்டது. தளர்ந்ததால் வந்த கோளாறு இல்லை இது. வாரா வாரம் இன்னும் ஒரு சுற்று கொடுத்த கையால் வந்த கோளாறு.

"என்னம்மா, பேட்டரி போச்சா?" என்றார் பெரியவர்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். பெரியவர் பயந்துபோய், விரல் சுட்டுவிட்டதாக்கும் என்று ஒரு கேனைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் மற்ற வண்டிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றத்துக்கு ஓட்டிப்போய்ச் சோதித்தாள். இன்னும் சில பேட்டரிகளில் முனை விண்டுபோகிற நிலையில் இருந்தது. நேராக மேனேஜரிடம் போனாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல வேளை, பெரிசா ஏதும் ஆகறதுக்கு முன்னால கண்டுபிடிச்சீங்க" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு விரல் சுட்டதைவிட எரிந்தது.

"நான்தான் சார் இறுக்கினேன். அன்னைக்கு வண்டியில ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும் நான்தான். அவமேல தப்பில்ல. அவளத் திரும்பக் கூப்பிடணும்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "கூட்டிட்டு வாங்க. வந்தா எடுத்துக்கறேன். அந்த டாக்டர்கூட ரெண்டு மூணு தடவ விசாரிச்சாரு, அந்தப் பொண்ணு எங்கன்னு" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். புருஷன் முதல்நாளே குட்டிக்குப் பிடித்த வெண்ணெய் பிஸ்கட் சுட்டுக் கொடுத்திருந்தார். நமத்துப்போகக் கூடாதே என்று ஒரு தகர டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்: குட்டி பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், வீடு கிடைக்கிற வரைக்கும் நம் வீட்டில் இருக்கட்டும், முன்னறையைக் காலி செய்து கொடுத்துவிடலாம்.

மாடிப்படியின் கீழே ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தது குட்டிதான். உயரமாகியிருந்தாள், முடியை வேறு விதமாகப் பின்னியிருந்தாள். ஒரு நொடி பார்த்துவிட்டு, "வாங்க பெரியம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள். உள்ளே திரும்பி, "அம்மா, பெரியம்மா வந்திருக்காங்க" என்றாள். எப்போது கற்றுக்கொண்டாள் இந்த வாங்கவும் உக்காருங்கவும்? வாசலில் அவள் செருப்பு ஜோடியாக, சுவரோரமாக இருந்தது.

தங்கை வந்தாள். டீ போட்டாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிச் சூடு பட்ட கோடுகள், சில புதியவை, சில ஆறியவை. அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேட்டரியிலிருந்தே ஆரம்பித்தாள். நாலாவது பேட்டரி, ஈயம், உள்ளே விண்டது, கொட்டகையில் மீட்டர் ஏன் காட்டவில்லை, ஏற்றத்தில் எண் எப்படி விழுந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "என் கைதாண்டி தப்பு. நான் இறுக்கினதுதான். தப்ப உன்மேல போட்டுட்டேன். என்ன மன்னிச்சிடு."

தங்கை ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வண்டியில கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. ஓட்டினவ நான்தானே? உனக்குத் தெரியலங்கறதும் எனக்குத் தெரியும். அது பரவாயில்ல. எங்கூட ஒரு தடவ ஏறி வான்னு கூப்பிட்டேன். அந்த ஏத்தம் வரைக்கும்தான் கூப்பிட்டேன். நீ வரல."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ வந்து உக்காந்து, அப்பவும் வண்டி நிக்காம போயிருந்தாக்கூட நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்."

"மேனேஜர் உன்ன வரச் சொல்லிட்டாரு. டாக்டர்கூடக் கேட்டாராம். வந்துடுடி. முன்னறைய உங்களுக்கு விட்டுடறேன். குட்டி..."

"வேண்டாம்க்கா. இவளுக்கு இங்க பள்ளிக்கூடம் பழகிடுச்சு. அவரும் வாரத்துல நாலு நாள் வீட்டுக்கு வர்றாரு." மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள். "உன்மேல கோவம் எல்லாம் இல்ல. கோவம் இருந்திருந்தா அன்னைக்கே வந்து சண்ட போட்டிருப்பேன், அப்புறம் சரியாயிருக்கும்."

கோபமாக இருக்கிறாள் என்றுதான் அக்கா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள். கோபமென்றால் ஒரு நாள் தணியும், தணிந்தால் வருவாள். இப்போது தணிவதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டது. இதற்கு எந்த ஸ்பானரும் இல்லை.

குட்டி இதற்குள் பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். மூடியைத் திருகிப் பார்த்தாள். பாவாடைத் துணியால் பிடித்துத் திருகினாள். முட்டிகளுக்கு நடுவே வைத்து, முகம் சிவக்கத் திருகினாள். அம்மாவிடம் நீட்டினாள். தங்கை ஒரு கை பார்த்தாள், மூடியின் விளிம்பை நெம்பினாள், தரையில் தட்டினாள். டப்பா அசைந்து கொடுக்கவில்லை.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இத நீதானே மூடினே?"

அக்கா தலையாட்டினாள். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய சிரிப்பு, மைதானமெல்லாம் கேட்கிற சிரிப்பு. அக்காவுக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும் என்று அக்கா காத்திருந்தாள். அது நின்றது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "திறந்து குடுத்துட்டுப் போக்கா. நீ போயிட்டா எங்களால முடியாது" என்றாள்.

அக்கா டப்பாவை வாங்கித் திறந்தாள். குட்டி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தேங்க்ஸ் பெரியம்மா" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது அக்கா மூடியை எடுத்து டப்பாவின் மேலே சும்மா வைத்தாள். கை தன்னால் திருகப் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

"சரியா மூடலயே பெரியம்மா. எறும்பு வரும்" என்றாள் குட்டி.

"வரட்டும்டா" என்று சொல்லிவிட்டு அக்கா வாசலைத் தாண்டினாள்.